மாத்தளையில் ஒரு ஸ்ட்ரைக்

சேலத்திலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் வேட்டி, ஊறுகாய், உறவுக்காரருக்குச் சேலை என்று கொண்டுபோவார்கள். நான் இருநூறு வாக்கியங்கள் கொண்டுபோனேன். சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி காகிதக் கட்டை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்த முதல் தாளைப் படித்தார். ‘பாறை உடைக்கப்பட்டது. மாதிரி எடுக்கப்பட்டது. நிறம் குறிக்கப்பட்டது.’ என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யார் உடைத்தது?”

“யாரும் இல்லை. இது இலக்கணம்” என்றேன்.

பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

அந்த வாக்கியங்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவன். கருங்கல்லுக்கும் அம்மிக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எங்கள் கல்லூரியில் நிலவியல் படிக்க வருகிற பிள்ளைகள் இப்போது பள்ளியில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வருகிறார்கள். நிலவியல் புத்தகங்களோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு பாலம் வேண்டும், பயிற்சி நூல் ஒன்று எழுதும் என்று முதல்வர் என் தலையில் கட்டினார். இரண்டு மாதம் நிலவியல் புத்தகங்களைப் புரட்டி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். விஞ்ஞான ஆங்கிலத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படுகிறது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

என்னோடு சென்னையில் படித்த சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரன். இலங்கையில் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பிக்கிறான். அவனுக்கும் இதே தலைவலி. ‘மாத்தளைப் பக்கம் பதினெட்டு மாணவரோடு ஒரு கிழமை பாறை பார்க்கப் போகிறோம். உன் வாக்கியங்களைக் கொண்டுவந்து இவர்கள்மேல் பரீட்சை செய்’ என்று எழுதினான். கிழமை என்றால் அவர்களுக்கு வாரம். இது புரியாமல், ஒரே ஒரு நாளுக்கா இவ்வளவு தூரம் என்று நான் கோபித்துக்கொண்டு ஒரு கடிதம் போட்டது தனிக்கதை.

மாத்தளையில் பஸ் மாறவேண்டும். பசி வயிற்றைக் கிள்ளியது. ஒரு முஸ்லிம் தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிட்ட முதலாளி, “வாங்க சேர், இரிங்க. பாண் இரிக்கி, இடியப்பம் இரிக்கி, பருப்பு இரிக்கி, நல்ல சம்பலும் இரிக்கி” என்றார். எங்கள் ஊர் ‘சார்’ கடல் தாண்டியதும் ‘சேர்’ ஆகிவிடுகிறார். பாண் என்றது ரொட்டி. சிவப்புத் தேங்காய்ச் சம்பல் அமிர்தம். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது, “இந்த மணம் எதிலிருந்து வருகிறது?” என்று கேட்டேன்.

“அது மாசி, சேர்.”

எனக்கு மாசி என்றால் மாதம். அந்த மாதத்துத் தேங்காய்க்குத் தனி வாசனை போலும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது காய்ந்த மீன் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. பரம்பரைச் சைவம் மாத்தளையில் மூன்று தடவை மோசம் போனது; வயிறு ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

முகாம் இருந்த பலாபத்வலைக்குப் புறப்பட்ட பஸ் அலுவிகாரையில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. முன்னால் ஆவி கிளம்பியது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஓட்டுநரின் குலம் கோத்திரம் எல்லாம் சந்திக்கு வந்திருக்கும். இங்கே ஜனங்கள் நிதானமாக இறங்கினார்கள். சிலர் விகாரையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்கள். பக்கத்தில் நின்ற சிங்களப் பெரியவர் ஒருவர் என் அவசரத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். தமிழ் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்தார்: “பஸ்ஸுக்கும் தண்ணித் தாகம் எடுக்கும்தானே, அதுவும் பாவம் என்கிறார்.” சாலையோரப் பாறை ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

பலாபத்வலையில் வாடகை வீடு ஒன்றில் முகாம். சிவபாதம் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “நீ குந்தியிருந்த கல்லு என்ன கல்லெண்டு தெரியுமோ? நாளையான் பாடமே அதுதான்.”

அன்று மாலை விஷயத்தைச் சொன்னான். சனிக்கிழமை பேராசிரியர் வருகிறார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதன் பாறைகளைப் படமாக வரைந்து, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, அவர் முன்னால் வாசிக்கவேண்டும். அதை வைத்துத்தான் நிலவியல் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள்.

“ஆங்கிலத்துக்கு மார்க் நீதான் போடவேணும். ஒருத்தனை மட்டும் கவனமாப் பார்” என்றான். “தங்கவேல் எண்டு பேர். இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் அங்க கான் வெட்டுற தொழிலாளி. பாறையைத் தொட்டால் அது இவனோட கதைக்கும். ஆனா ஆங்கிலம் எண்டால் வாய் திறக்கான். போன தவணையும் அதிலதான் விழுந்தவன். இந்த முறையும் விழுந்தா, பாறையை மறக்க வேண்டியதுதான்.”

கான் என்பது தேயிலை மலைகளில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் குறுக்காக வெட்டுகிற வாய்க்கால்.

தங்கவேலைக் காட்டினான். இருபத்திரண்டு வயது, ஒல்லி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டேன். பெயரைக்கூடத் தமிழில்தான் சொன்னான். தேறாத கேஸ் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டிலேயே வகுப்பு. பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருந்ததைத் திருத்தினேன். நிலவியலில் ‘ஃபால்ட்’ என்றால் பாறை பிளந்து நழுவிய இடம். ஒருவன் அகராதியை நம்பி, இந்த மலையில் இரண்டு குற்றங்கள் உள்ளன, கிழக்கே இருப்பது பெருங்குற்றம் என்று பொருள்பட எழுதியிருந்தான். ‘ஸ்ட்ரைக்’ இன்னும் மோசம். பாறை வடமேற்காக அடிக்கப்பட்டது என்றான் இன்னொருவன். செயப்பாட்டு வினை சரியாக இருந்ததால் அவனுக்கு அரை மார்க் போட்டேன்.

உண்மையில் ஸ்ட்ரைக் என்பது எளிய சங்கதி. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டு உத்தரம் போகிற திசை ஸ்ட்ரைக். ஓடு சரிகிற பக்கமும் சரிவின் அளவும் டிப். சாய்ந்து கிடக்கிற பாறை ஒவ்வொன்றிலும் இந்த இரண்டையும் அளந்து குறித்தால் மலையின் ஜாதகம் கைக்கு வந்துவிடும் என்றான் சிவபாதம்.

பத்து மணிக்குத் தங்கவேலின் தோட்டத்துக்கே போனோம். அவனுக்குக் கிடைத்த நிலம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. ஜீப் பாதி ஏற்றத்தில் சேற்றில் புதைந்தது. பின்னால் நடந்துவந்த பதினெட்டுப் பேரும் தள்ள, ஓர் ஆங்கில ஆசிரியர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு பாறைமேட்டில் பாடம் தொடங்கியது. கீழே சரிவெங்கும் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. பிள்ளைகள் அளவைக் கூப்பிட்டுச் சொல்லும்போது ‘இஸ்ட்ரைக்கு, இஸ்ட்ரைக்கு’ என்றார்கள். மூன்று மெய் சேர்ந்து வருகிற சொல் நம் நாக்குக்கு ஆகாது; முன்னால் ஓர் இகரமும் பின்னால் ஓர் உகரமும் முட்டுக் கொடுக்கும். என் காது பொறுக்கவில்லை. எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன்.

“எல்லாரும் சேர்ந்து உரக்க! ஸ்ட்ரைக்!”

“ஸ்ட்ரைக்!”

“போதாது. மலை அதிரவேண்டும்!” குடையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

“ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக்!”

தங்கவேல் மட்டும் வாய் திறக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. “உனக்கு என்ன, வாய் இல்லையா?” என்றேன்.

“சேர், இங்க வேணாங்க, சேர்” என்றான் தணிந்த குரலில்.

வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அவன் பெயருக்கு நேரே குறிப்பேட்டில் பெரிய பூஜ்யம் ஒன்று போட்டுவிட்டு, மறுபடி குடையைத் தூக்கினேன். இந்தத் தடவை கீழிருந்தும் சில குரல்கள் சேர்ந்துகொண்டன. அப்புறம் சரிவு முழுதும் அமைதியாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன். பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஒவ்வொருவராக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் போன வாரம்தான் வேலைநிறுத்தம் முடிந்திருந்ததாம். தோட்டத்தில் ஆங்கிலமே தெரியாதவர்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதைத்தான் பதினெட்டு இளைஞர்கள் மலைமேல் நின்று கோஷம் போட்டார்கள். முன்னால் கதர்ச் சட்டையோடு, குடையை ஓங்கிய கையோடு, இந்தியாவிலிருந்து வந்த ஒரு மனுஷன்.

கணக்கப்பிள்ளை செருப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக ஓடிவந்தார். பத்து நிமிஷத்தில் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். வெள்ளைக்காரர் இல்லை, சிங்களக் கனவான், ஆங்கிலத்தில்தான் பேசினார். “யார் இதற்குத் தலைவர்?” சிவபாதம் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கணக்கப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே தங்கவேலைக் காட்டிச் சொன்னார்: “நம்ம காளிமுத்து மகன் நிக்கிறானுங்க, தொரை. அவந்தான் கூட்டியாந்திருப்பான்.”

தீர்ப்பு உடனே வந்தது. மாணவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். காளிமுத்து நாளைக் காலை ஆபீசுக்கு வரவேண்டும்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினோம். வழியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “ஏங்க சேர் நிப்பாட்டிட்டீங்க? இன்னுங் கொஞ்சம் கத்தியிருந்தா இன்னிக்கு வீட்டுக்கே போயிருப்போம்” என்று கேலி செய்தாள்.

“போடி இவளே, இன்னிக்கு அரைப் பேரு போட்டாத்தான் தெரியும் ஒனக்கு” என்றாள் இன்னொருத்தி.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைச் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பதிவதற்குப் ‘பேர் போடுவது’ என்று சொல்கிறார்கள். வேலை குறைந்தால் அரைப் பேர். அரை நாள் கூலி. மனுஷன் பெயரே பாதியாகிவிட்ட மாதிரி எனக்குக் கேட்டது.

சாயங்காலம் சோறு இறங்கவில்லை. அருமையான பிஞ்சுப் பலாக்காய்க் கறி, அதுவும் இறங்கவில்லை. தங்கவேல் தானே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியுங்க, சேர். ஆனா எங்க தோட்டத்துல அத வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னவங்களுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்து வேலைய விட்டே அனுப்பியிருக்காங்க. எங்கப்பாவுக்கு இருவத்திரண்டு வருசம் இந்தத் தோட்டந்தாங்க. நாங்க குடியிருக்கிற லயத்து வீடும் தோட்டத்துது. தோட்டத்துக்குள்ள விடலேன்னா எனக்குப் படமும் இல்லைங்க.”

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெட்கத்தில் செத்தேன். என் ஒரு சொல்லின் உச்சரிப்புக்காக ஒரு குடும்பத்தின் சோறும் ஒரு பிள்ளையின் படிப்பும் சந்தியில் நின்றன.

மூன்றாம் நாள் காலை தோட்டத்து ஆபீஸ். காளிமுத்து எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். குட்டையான, இறுகிய மனிதர், தலைத்துண்டு கையில். சிவபாதம், நான், தங்கவேல் மூவரும் உள்ளே போனோம். விளக்கம் சொல்வது என் பொறுப்பு என்று முன்வந்தேன். குற்றம் என்னுடையது, நிலவியல் அர்த்தத்தில் இல்லை. பதினைந்து வருஷம் ஆங்கிலம் கற்பித்தவன், ஒரு துரையைச் சமாளிக்க முடியாதா?

“அந்தச் சொல் விஞ்ஞான நோக்கத்தோடு உச்சரிக்கப்பட்டது” என்று ஆரம்பித்தேன்.

“யாரால்?” என்றார் துரை.

“ஒரு சாய்ந்த தளத்தின்மேல் கிடைமட்டமாக ஒரு கோடு வரையப்படுகிறது...”

“யாரால்?”

“அதன் திசை அளக்கப்பட்டு...”

“யாரால், ஐயா? நீங்கள் பேசுவதில் ஆளே இல்லையே. தோட்டத்தில் குழப்பம் செய்கிறவர்களும் இப்படித்தான் பேசுவார்கள். கல் எறியப்பட்டது, கதவு உடைக்கப்பட்டது. யார் என்று கேட்டால் பதில் இருக்காது.”

சுங்க அதிகாரி கேட்ட கேள்வி மறுபடி வந்து நின்றது. சிவபாதம் இருமினான். அப்போது என் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது.

“சேர், நான் காட்டலாமா?”

தங்கவேல் நேரே சுவருக்குப் போனான். ஆணியில் ஒரு பித்தளைக் குழாய் தொங்கியது. கானும் பாதையும் வெட்ட மட்டம் பார்க்கிற கருவி. ரோட் டிரேசர் என்கிறார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பேசியது முழுவதும் ஆங்கிலம். இலக்கணம் நொண்டியது. ஏறக்குறைய அப்படியே தமிழில் தருகிறேன்.

“சேர், நீங்க மலையில் கான் வெட்டுறது. கான் மேலே போறதில்லை. கீழே போறதில்லை. மலையோட பக்கமாப் போறது. பாறை மேலேயும் அதே கோடு இருக்கு. அந்தக் கோடு எங்களுக்கு ஸ்ட்ரைக். தண்ணி எந்தப் பக்கம் ஓட ஆசைப்படுதோ அந்தப் பக்கம் டிப். உங்களுக்குக் கான், எங்களுக்கு ஸ்ட்ரைக். அவ்வளவுதான், சேர்.”

துரை அவன் கையிலிருந்து கருவியை வாங்கினார். பிறகு, தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனை மடக்குவது போல, “கானுக்குக் கொஞ்சம் வாட்டம் விடுவோமே. இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிவிடும்” என்றார்.

“கானுக்குக் கொஞ்சம் வாட்டம், சேர். ஸ்ட்ரைக்குக்கு வாட்டம் பூஜ்யம்.”

துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “இதை நேற்றே சொல்லியிருக்கலாமே!” என்று என்னிடம் திரும்பினார். எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு! காளிமுத்து வேலைக்குப் போகலாம். மாணவர்கள் மலைக்குப் போகலாம். நேற்று உட்கார்ந்த பெண்களுக்கும் முழுப் பேரே போடச் சொல்லுகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: அந்தச் சொல்லைத் தோட்டத்துக்குள் உரக்கச் சொல்லக்கூடாது.

வெளியே வந்ததும் சிவபாதம் தங்கவேலின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த நொண்டி ஆங்கிலத்தைக் கேட்டபோது வந்த பெருமை, என்னிடம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் விஷயத்தில்கூட வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்பதும் தெரிந்தது. இருந்தும் நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன்.

அன்றிலிருந்து முகாமில் ஸ்ட்ரைக் என்ற சொல்லே ஒழிந்தது. “கான் வடக்கு இருபது!” என்று ஒருவன் கூப்பிடுவான், இன்னொருவன் எழுதிக்கொள்வான். கொழுந்துப் பெண்கள் எனக்கு ‘ஸ்ட்ரைக் வாத்தியாரு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “வாத்தியாரே, இன்னிக்குக் கத்தலியா?” என்று தினமும் விசாரிப்பார்கள். நானும் குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவேன்.

நான்காம் நாள் தங்கவேல் எங்களை ஏழாம் நம்பர் மலைக்குக் கூட்டிப்போனான். அவன் படத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. மேலே ஒரு பாறை, கீழே ஒரு பாறை, நடுவில் என்ன என்று தெரியவில்லை. எங்கும் மண்ணும் தேயிலையும். “இங்கன எங்கப்பா வெட்டின கான் ஒண்ணு இருக்குங்க. அது மட்டும் ஆழம் கொறச்சலா இருக்கும்” என்றான். போய்ச் சருகைத் தள்ளிப் பார்த்தோம். கானின் அடியில் பத்தடி நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று பளிங்குப் பாறை. சிவபாதம் கானுக்குள் குதித்துவிட்டான். கையால் தடவினான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான், குழந்தை மாதிரிச் சிரித்தான். “எடேய், இந்த மலையில வேற எங்கயும் இது வெளியில தெரியாதடா!”

சாயங்காலங்களில் அறிக்கை எழுதும் வேலை. தங்கவேலுக்கு இப்போது வாய் திறந்துவிட்டது. திறந்த வாயை மூடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

“நான் பார்த்தேன் என்று எழுதாதே. பார்க்கப்பட்டது என்று எழுது.”

“சரிங்க, சேர்.”

“என் அப்பா கான் வெட்டினார் என்று எழுதாதே. கான் வெட்டப்பட்டது.”

“யாரு வெட்டினதுங்க, சேர்?”

“விஞ்ஞானத்துக்கு அது வேண்டாம்.”

“அப்ப கான் தன்னத்தானே வெட்டிக்கிச்சுங்களா?”

நான் மூன்றாவது முறையாக மாட்டிக்கொண்டேன். ஆசிரியன் தோற்றதை ஒப்புக்கொள்ளக்கூடாது என்கிற பழக்கதோஷத்தில், “அறிக்கையில் வரக்கூடிய மனிதப் பெயர் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் உனக்கு முன்னால் வேலை செய்த ஆராய்ச்சியாளர் பெயர். வேறு யாருக்கும் இடம் இல்லை” என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டான்.

சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். சீமையில் படித்தவர், சிரிக்காதவர். வீட்டு விறாந்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நான், மடியில் குறிப்பேடு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசித்தார்கள். பாறைகள் உடைக்கப்பட்டன, மாதிரிகள் எடுக்கப்பட்டன, நிறங்கள் குறிக்கப்பட்டன. என் வாக்கியங்கள் அணிவகுத்துப் போனதைக் கேட்கக் காது குளிர்ந்தது.

பன்னிரண்டாவது ஆள் தங்கவேல். முதல் பக்கம் தடங்கல் இல்லாமல் போனது. இரண்டாம் பக்கத்தில் பளிங்குப் பாறை வந்தது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் இது: “பளிங்குப் பாறை, ஏழாம் நம்பர் மலையில் காளிமுத்துவால் வெட்டப்பட்ட கானில் காணப்பட்டது.”

பேராசிரியர் கையை உயர்த்தினார். “காளிமுத்துவா? இந்தப் பகுதியில் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். இந்தப் பெயரைப் பார்த்ததில்லையே. எந்த வருஷத்து வேலை?”

“இரண்டு வருஷத்துக்கு முந்தியது, சேர்.”

“எங்கே வெளியானது?”

“ஏழாம் நம்பர் மலையில், சேர்.”

பின்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவபாதம் கூரையைப் பார்த்தான்.

“யார் இந்தக் காளிமுத்து?”

“என் அப்பா, சேர். தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்.”

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். “அறிக்கையில் அந்தப் பெயர் அவசியமா?”

தங்கவேல் என்னைப் பார்க்கவில்லை. நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக வைத்து, ஆங்கிலத்தில் சொன்னான்: “அவர் இல்லாவிட்டால் இந்தப் பாறை பார்க்கப்பட்டே இருக்காது, சேர்.”

அது என் இருநூறில் நூற்றெண்பத்தேழாவது வாக்கிய வகை. நடக்காமல் போயிருக்கக்கூடியதைச் செயப்பாட்டு வினையில் சொல்வது. சேலத்தில் எம்.ஏ. படிக்கிறவர்களே அதில் சறுக்குவார்கள். இவன் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டான். அத்தோடு, செயப்பாட்டு வினைக்குள்ளும் செய்தவனுக்கு ஓர் இடம் உண்டு என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டான்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே ஆங்கிலத்துக்குப் பொறுப்பு. என்ன சொல்கிறீர்கள்?”

“பெயர் இருக்கட்டும்” என்றேன். “எடுத்தால் வாக்கியம் பொய்யாகிவிடும்.”

அவர் பேனாவை மூடினார். நான் குறிப்பேட்டைத் திறந்து, இரண்டாம் நாள் போட்ட பூஜ்யத்துக்கு முன்னால் ஓர் எட்டைப் போட்டேன். மாலையில் சிறப்புப் பட்டத்துக்கு எடுத்தவர்களின் பெயர்களைப் பேராசிரியர் வாசித்தபோது தங்கவேலின் பெயர் நான்காவதாக வந்தது. கைதட்டியதில் என் சத்தம்தான் பெரிது என்று சிவபாதம் இன்றைக்கும் கடிதத்தில் எழுதுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது ஜீப்பைத் தோட்டத்து முச்சந்தியில் நிறுத்தினேன். தங்கவேல் சொல்லி வைத்திருந்ததால் காளிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினார். எங்கள் ஊர்ப் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“பயலு இங்கிலீசுல என்னமோ படிச்சானாமே, எம் பேரு வந்திச்சின்னு பசங்க சொன்னாங்க. நெசங்களாய்யா?”

நிஜம்தான் என்றேன். தங்கவேலின் வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். ஏழாம் நம்பர் மலை, கான், வெள்ளைக் கல், காளிமுத்து. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் மலைப் பக்கம் திரும்பிக் கடப்பாறை குத்துவதுபோல் கையை ஓங்கி இறக்கினார்.

“அந்தக் கல்லு எனக்குத் தெரியுங்க” என்றார். “அலவாங்கு எறங்கவே இல்ல. ரெண்டடி வெட்டணும், ஒண்ணரையோட நின்னுபோச்சி. ஆழம் பத்தலேன்னு அன்னிக்கு எனக்கு அரைப் பேருதாங்க போட்டாங்க. இப்பப் பயலு போட்டிருக்கது முழுப் பேருங்களா?”

“முழுப் பேர்தான்” என்றேன்.